ஒரே மேசை, எட்டுக் கைதிகள்: ஹெல்சிங்கியில் ஐந்து நாள்

நாள் 1, வியாழன்

விமான நிலையத்திலிருந்து ரயிலேறி ஹெல்சிங்கி நடு நிலையத்தில் இறங்கும்போது மாலை மணி நான்கு. வெளியே நம்மூர் இரவு எட்டு மணி இருட்டு. நவம்பர் கடைசியில் வந்தால் அப்படித்தான் என்று ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்காத விஷயம், ஒற்றைக் கையுறையை ரயிலிலேயே விட்டுவிட்டு வருவேன் என்பது. பெட்டியின் கைப்பிடியைத் தொட்டபோதுதான் தெரிந்தது. வலது கை.

நிலைய வாசலில் கையில் விளக்கு உருண்டையோடு நான்கு கல் மனிதர்கள் நிற்கிறார்கள். எமில் விக்ஸ்ட்ரோம் என்ற சிற்பி செய்தவை. எல்லாரும் அவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளே திரும்பிப் போய் நடைமேடையைப் பார்க்க வேண்டியிருந்தது. இந்த நிலையத்தில் ஒரு ஜனாதிபதி இறந்திருக்கிறார்.

கியோஸ்தி கல்லியோ. விவசாயக் குடும்பத்து ஆள். 1939 நவம்பர் 30-ஆம் தேதி சோவியத் படை எல்லையைத் தாண்டியது, ஹெல்சிங்கியில் குண்டு விழுந்தது. 105 நாள் சண்டைக்குப் பிறகு, 1940 மார்ச்சில், மாஸ்கோ கேட்ட நிலத்தையெல்லாம் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ள அனுமதிக் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. "இப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வைக்கப்பட்ட இந்தக் கை வாடிப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார். சில மாதங்களில் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பதவியை விட்டு விலகி, டிசம்பர் 19-ஆம் தேதி சொந்த ஊருக்கு ரயிலேற இங்கே வந்தார். பேண்டு வாத்தியம், அணிவகுப்பு மரியாதை, பக்கத்தில் படைத் தலைவர் மன்னர்ஹைம். அந்த மரியாதைக்கு நடுவிலேயே சரிந்து விழுந்து இறந்துபோனார்.

இதைக் கதையில் எழுதியிருந்தால் ரொம்ப ஜோடனை என்று நானே சொல்லியிருப்பேன். என் வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

ஃபின்லாந்தின் போர்க் கதையில் பெரும்பாலும் மன்னர்ஹைமும் பனியும் பனிச்சறுக்குப் பலகைகளும்தான் வரும். எனக்கு அந்தப் போர்க்கால அமைச்சர்கள்மேல் ஒரு கண். ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் பிறகு எங்கெங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதைக் காலால் நடந்து பார்க்கத்தான் இந்தப் பயணம்.

நாள் 2, வெள்ளி

காலை ஒன்பதுக்குத்தான் வெளுக்கிறது. முதல் வேலையாகக் கையுறை வாங்கினேன். விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும்.

செனட் சதுக்கம். வடக்கே படிக்கட்டுகளுக்கு மேல் வெள்ளைத் தேவாலயம். கிழக்கே அரசு மாளிகை, நேர் எதிரே மேற்கில் பல்கலைக்கழகம். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இதைக் கடைசி நாளுக்கு வைத்திருக்கிறேன்.

அந்த நவம்பர் 30 இரவில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். குண்டு வீச்சுக்குப் பயந்து நாடாளுமன்றம் தன் பெரிய கல் கட்டடத்தை விட்டுவிட்டு, வல்லிலா என்ற உழைப்பாளர் பகுதியில் தொழிலாளர் மன்றம் ஒன்றில் கூடியது. பிரதமர் கயாண்டரின் அரசுக்கு நம்பிக்கை வாக்கும் கொடுத்தது. ஆனாலும் அன்றிரவே அந்த அரசு போய்விட்டது. சமூக ஜனநாயகக் கட்சியின் வாய்னோ தன்னர்தான் பின்னாலிருந்து தள்ளியவர். மாஸ்கோவோடு திரும்பப் பேச வேண்டுமானால் புது முகங்கள் வேண்டும் என்பது அவர் கணக்கு. அடுத்த நாள், டிசம்பர் 1, புது அரசு. பிரதமர் ரிஸ்டோ ரூத்தி, ஃபின்லாந்து வங்கியின் கவர்னர். மனமில்லாமல்தான் ஒப்புக்கொண்டார். நாடாளுமன்ற உறுப்பினர்களை ரயிலேற்றி வடமேற்கே கவுஹயோக்கி என்ற சிற்றூருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சபை நடந்தது. அதே டிசம்பர் 1-இல்தான் சோவியத் படை பிடித்திருந்த எல்லையோர ஊரான தெரியோக்கியில், ஓட்டோ குசினென் தலைமையில் ஸ்டாலின் ஒரு பொம்மை அரசையும் உட்கார வைத்தார்.

ரூத்தியின் மேசையைக் கொஞ்சம் பாருங்கள். வெளியுறவு தன்னர். கூட்டுறவுக் கடைகளை நடத்திப் பழகியவர், பேச்சில் கறார். இலாகா இல்லாத அமைச்சர் பாசிகிவி, பழைய பழமைவாதி, போருக்கு முன்பே மாஸ்கோவில் ஸ்டாலினோடு பேரம் பேசிவிட்டு வந்தவர். பாதுகாப்பு, விவசாயிகள் கட்சியின் நியுக்கனென். நிதி, இடதுசாரிப் பக்கம் சாய்ந்த மவுனோ பெக்கலா. சமூக நலம் ஃபாகர்ஹோல்ம். ஸ்வீடிஷ் பேசுகிற சமூக ஜனநாயகர், தொழிலால் முடி திருத்துபவர், முடி திருத்துவோர் சங்கத் தலைவராக இருந்து அரசியலுக்கு வந்தவர். இருபத்தொரு வருடம் முன்பு, 1918-இல், இந்தக் கட்சிகளின் ஆட்கள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். தன்னர் அந்தக் கலகத்தில் சேராதவர் என்பதால்தான் இந்த மேசையில் அவருக்கு இடமே கிடைத்தது.

ஒற்றுமையாக இருந்தார்களா? இல்லை. சமாதானம் வேண்டாம், சண்டையைத் தொடரலாம் என்று நியுக்கனென் கடைசி வரைக்கும் நின்றார். கல்வி அமைச்சர் ஹன்னுலாவும் அவர் பக்கம். இருவரும் பதவியை விட்டார்கள். இன்னொரு பக்கம் தன்னர், ஹெல்லா வுவோலியோக்கி என்ற இடதுசாரி நாடக ஆசிரியையை ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பி, அங்கிருந்த சோவியத் தூதர் அலெக்ஸாண்ட்ரா கொல்லொந்தாய் மூலம் ரகசியமாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். யோசனையைக் கொண்டுவந்ததே வுவோலியோக்கி அம்மாள்தான்.

சதுக்கத்திலிருந்து வடக்கே, தேவாலயத்தை ஒட்டிப் போகிற ஸ்னெல்மன் தெருவில் ஐந்து நிமிடம் நடந்தால் ஃபின்லாந்து வங்கி. முன்னால் ஸ்னெல்மனின் வெண்கலச் சிலை. செய்தவர் மறுபடியும் விக்ஸ்ட்ரோம், எங்கே திரும்பினாலும் இந்த ஆள்தான். சிலையைவிடப் பீடத்தைப் பார்க்க வேண்டும். 1944 பிப்ரவரியில் மூன்று இரவுகள் சோவியத் விமானங்கள் ஊரைத் தாக்கியபோது தெறித்த சில்லுகள் கல்லைக் கொத்தியிருக்கின்றன. பூசி மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். ஒரு குழியில் விரல் வைத்துப் பார்த்தேன். முதல் கணு வரை போனது. உள்ளே கரடுமுரடாக, ஓரத்தில் கொஞ்சம் பனி உறைந்து இருந்தது.

தெருவின் எதிர்ப்பக்கம் சாத்துத்தலோ. பிரபுக்கள் தவிர்த்த மற்ற மூன்று வகுப்பாரின் (பாதிரிமார், நகரத்தார், விவசாயிகள்) சபைகளுக்காக 1891-இல் கட்டிய கட்டடம், முகப்பில் தூண்கள், மேலே முக்கோணத்தில் வெண்கலச் சிற்பக் கூட்டம் (யார் செய்தது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்). நான் ஹெல்சிங்கிக்கு வந்ததே இதைப் பார்க்கத்தான். 1941-இல் ஃபின்லாந்து ஜெர்மனியின் பக்கம் நின்று சோவியத்தோடு மறுபடி போரில் இறங்கி, 1944-இல் வெளியே வந்தது. அந்தப் போருக்கு யார் பொறுப்பு என்று 1945 நவம்பர் 15 முதல் 1946 பிப்ரவரி 21 வரை இங்கே போர்ப் பொறுப்பு வழக்கு நடந்தது. குற்றவாளிகள் எட்டுப் பேர்:

ரூத்தி, 10 ஆண்டு. அவருக்குப் பிறகு பிரதமரான ரங்கேல், 6 ஆண்டு. அதற்கடுத்த பிரதமர் லிங்கோமியெஸ், ஐந்தரை. தன்னரும் ஐந்தரை. பெர்லினில் தூதராக இருந்த கிவிமாக்கி, 5. வெளியுறவு அமைச்சர் ராம்சே, இரண்டரை. அமைச்சர்கள் குக்கோனென், ரெய்னிக்கா, ஆளுக்கு 2.

செய்தபோது குற்றமாக இல்லாததை, செய்து முடித்த பிறகு சட்டம் போட்டுக் குற்றமாக்கிய வழக்கு இது. போர்நிறுத்த ஒப்பந்தத்தின் 13-ஆம் பிரிவு கேட்டது, ஃபின்லாந்து கொடுத்தது. முதலில் தயாரான தண்டனைகள் போதாது என்று நேச நாடுகளின் கண்காணிப்புக் குழு மறுத்த பிறகே இந்த எண்கள் வந்தன. குழுவின் தலைவர் ஸ்டாலினின் ஆளான ஷ்தானோவ், ஜாகை தோர்னி ஹோட்டல். சாயங்காலம் அந்த வழியாகத்தான் அறைக்குத் திரும்பினேன். கோபுரம் மாதிரி நெட்டையாக நிற்கிறது.

ஆனால் எனக்கு வழக்கைவிடச் சுவாரஸ்யம் அந்த மேசையில்தான். வழக்கு நடந்தபோது பிரதமர் யார்? பாசிகிவி. தீர்ப்பு வந்த அடுத்த மாதம் அவர் ஜனாதிபதி. அவர் விட்ட பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தவர்? மவுனோ பெக்கலா. 1939 டிசம்பரில் ரூத்தியோடு ஒரே மேசையில் இருந்தவர்கள் இருவரும். பெக்கலா 1942 வரை ரங்கேல் அரசிலும் நிதியமைச்சர். சிறைக்கும் நாற்காலிக்கும் நடுவே எந்த நேரத்தில் எழுந்து வெளியே போனோம் என்பதுதான் வித்தியாசம்.

இன்றைக்கும் ஃபின்லாந்தில் தேர்தல் முடிந்தால் கூட்டணிப் பேரம் இதே சாத்துத்தலோவில்தான் நடக்கிறது. 2023-இல் ஏழு வாரம் உட்கார்ந்து பேசினார்கள். உள்ளே போய் உட்காரும்போது சுவரைப் பார்ப்பார்களோ என்னவோ.

இரவு மாமா போன் செய்தார். என்ன பார்த்தாய் என்றார். சொன்னேன். "அமைச்சருங்க ஜெயிலுக்குப் போன கதைக்கு ஃபின்லாந்துக்கா போகணும் மாப்ளே?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

நாள் 3, சனி

மிக்கெலிக்கு ரயில். ஏறக்குறைய மூன்று மணி நேரம். வழியெல்லாம் பைன் மரம், ஏரி, மறுபடி பைன் மரம். காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு கரேலியப் பை வாங்கி வந்திருந்தேன். கம்பு மாவு ரொட்டி போல மெல்லிய கறுத்த ஓடு, உள்ளே நம் குழந்தைகளுக்குப் பிசைந்து கொடுக்கிற குழைந்த பால் சோறு, மேலே முட்டையும் வெண்ணெயும் கலந்து ஒரு தேய்ப்பு. உப்பு கொஞ்சம் கூடப் போட்டால் எனக்குப் போதும். 1940 சமாதானத்தில் கரேலியா போனபோது வீடு வாசலை விட்டுவிட்டு வந்தவர்கள் நாலு லட்சம் பேருக்கு மேல். அவர்களோடு இதுவும் நாடு முழுக்கப் பரவியது. இப்போது எல்லா ரயில் நிலையக் கடையிலும் கிடைக்கிறது.

மிக்கெலி மன்னர்ஹைமின் தலைமையகம் இருந்த ஊர். ஒரு பள்ளிக்கூடத்துக்குள் அவர் அலுவல் அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். நான் எதிர்பார்த்ததைவிட எளிமையான அறை. நிலையத்தில் அவருடைய ரயில் பெட்டியும் நிற்கிறது. 1942 ஜூன் 4, அவருடைய 75-ஆவது பிறந்தநாளுக்கு ஹிட்லர் வந்து பேசியதும் ஒரு ரயில் பெட்டியில்தான். சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தேன். எனக்கு வேண்டியிருந்தது வேறு ஒரு தேதி.

1943 பிப்ரவரி 3. முந்தின நாள்தான் ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படையின் கடைசிப் பகுதியும் சரணடைந்திருந்தது. கல்லியோவுக்குப் பிறகு ஜனாதிபதியான ரூத்தி, பிரதமர் ரங்கேல், தன்னர், பாதுகாப்பு அமைச்சர் வால்டென் நான்கு பேரும் மிக்கெலிக்கு வரவழைக்கப்பட்டார்கள். உளவுப் பிரிவுத் தலைவர் பாசோனென் நிலைமையை விளக்கினார். ஜெர்மனி தோற்கப் போகிறது, நாம் வெளியே வரும் வழியைப் பார்க்க வேண்டும். தற்செயலாக அன்று ரூத்திக்கு 54-ஆவது பிறந்தநாள். நல்ல பரிசு.

ஆக, 1943 பிப்ரவரியிலேயே தெரியும். வெளியே வந்தது 1944 செப்டம்பரில். நடுவில் பத்தொன்பது மாதம்.

அடுத்த மாதமே ரங்கேல் போய் லிங்கோமியெஸ் அரசு வந்தது. அவர் லத்தீன் பேராசிரியர். ரங்கேல் அரசில் பாசிசக் கட்சியான ஐகேஎல்லின் அன்னலாவும் ஓர் அமைச்சர், சமூக ஜனநாயகர்களோடு அதே மேசையில். லிங்கோமியெஸ் அந்தக் கட்சியை வெளியே விட்டார். 1944 மார்ச்சில் பாசிகிவியை மாஸ்கோவுக்கு அனுப்பிப் பேசிப் பார்த்தார்கள். மாஸ்கோ 600 மில்லியன் டாலர் இழப்பீடு கேட்டது, ஃபின்லாந்து முடியாது என்று மறுத்தது. ஜூனில் சோவியத் பெருந்தாக்குதல் வந்தது. ஜெர்மன் ஆயுதம் இல்லாமல் நிற்க முடியாது. ஜூன் 22-ஆம் தேதி ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் ஹெல்சிங்கிக்கே வந்து உட்கார்ந்துகொண்டார்: தனியாகச் சமாதானம் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள், ஆயுதம் தருகிறோம்.

இங்கேதான் அந்த வங்கிக்காரர் மூளை. ஜூன் 26-ஆம் தேதி ரூத்தி ஒரு கடிதம் எழுதினார். நான் நியமிக்கும் எந்த அரசும் தனியாகச் சமாதானம் பேசாது என்று, தன் சொந்தப் பெயரில். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லை, நாட்டின் பெயரில் ஒப்பந்தம் இல்லை. ஆயுதம் வந்தது, முன்னணி நின்றது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி ரூத்தி ராஜினாமா. 4-ஆம் தேதி மன்னர்ஹைம் ஜனாதிபதி. கடிதம் எழுதியவர் பதவியில் இல்லை, கடிதமும் செல்லாது. செப்டம்பர் 19-ஆம் தேதி மாஸ்கோவில் போர்நிறுத்த ஒப்பந்தம். இழப்பீடு 300 மில்லியனாகக் குறைந்திருந்தது.

இதற்குத்தான் பத்து வருடமா என்று கோபம் வருகிறது. வரட்டும், ஆனால் நாளைக்குப் போகிற இடத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் கோபப்பட வேண்டும்.

நாள் 4, ஞாயிறு

வானாய்வகக் குன்று. தென் துறைமுகத்துக்கு மேலே ஒரு பூங்கா. கப்பல்கள் கீழே பொம்மை மாதிரி தெரிகின்றன. ராத்திரி மழை பெய்து உறைந்து, பாதை முழுக்கக் கண்ணாடி. இரண்டு தடவை சறுக்கினேன், ஒரு தடவை உட்கார்ந்தே விட்டேன். நாயோடு வந்த ஒரு பாட்டி சிரிக்காமல் கடந்து போனார், அதற்கு நன்றி.

துறைமுகத்தைப் பார்த்த பக்கம் ஒரு சின்ன நினைவுச் சின்னம். பெயர், உதவி கேட்கும் கைகள். 1942 நவம்பர் 6-ஆம் தேதி கீழே தெரிகிற தண்ணீரிலிருந்து ஹோஹன்ஹோர்ன் என்ற கப்பல் கிளம்பியது. அதில் ஃபின்லாந்து போலீஸ் ஜெர்மன் கெஸ்டபோவிடம் ஒப்படைத்தவர்கள் இருந்தார்கள். எட்டுப் பேர் யூத அகதிகள். அதில் இரண்டு பேர் குழந்தைகள். எட்டில் பிழைத்தவர் ஒருவர்.

அப்போது உள்துறை அமைச்சர் ஹொரெல்லி, ரங்கேல் அரசு. விஷயம் வெளியே கசிந்ததும் அமைச்சரவைக்குள்ளேயே சண்டை. ராஜினாமா செய்துவிடுவேன் என்று மிரட்டியவர் அந்த முடி திருத்துபவர், ஃபாகர்ஹோல்ம். தன்னரும் எதிர்த்தார். அதற்குப் பிறகு அப்படி ஒப்படைப்பது நின்றது. கப்பல் போனது போனதுதான். 2000-ஆம் ஆண்டு இந்தச் சின்னத்தைத் திறந்துவைத்தபோது பிரதமர் லிப்போனென் மன்னிப்புக் கேட்டார்.

சாத்துத்தலோவின் எட்டுப் பேரில் ஹொரெல்லி இல்லை. அந்த வழக்கு கேட்ட கேள்வி வேறு: நாட்டைப் போருக்குள் இழுத்தது யார், சமாதானத்தைத் தடுத்தது யார். இந்தக் கப்பலைப் பற்றி இல்லை. ஃபின்லாந்துப் படை பிடித்த கிழக்குக் கரேலியாவில் ரஷ்யக் குடிமக்களை அடைத்துவைத்து, ஆயிரக்கணக்கானோர் செத்துப்போன முகாம்களைப் பற்றியும் இல்லை. தண்டனை அநியாயம் என்று பேசுகிறவர்களும், சரிதான் என்று பேசுகிறவர்களும் இந்தக் குன்றுக்கு ஒரு தடவை ஏறி வந்துவிட்டுப் பேசலாம்.

மத்தியானம் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு கதயானொக்கா. 1837-இல் கட்டின சிறை. 2002-இல் மூடி, 2007-இல் ஹோட்டலாக்கிவிட்டார்கள். சுற்றிச் சிவப்புச் செங்கல் மதில் அப்படியே இருக்கிறது. ரூத்தியும் தன்னரும் இங்கே இருந்தவர்கள். ஓர் இரவுக்கு மட்டும் அறை எடுத்தேன். இரண்டு மூன்று கொட்டடிகளை இடித்து ஓர் அறையாக்கியிருக்கிறார்கள், ஆனால் சன்னல் மட்டும் உயரத்தில் குறுகலாக இருக்கிறது, மெத்தை பஞ்சு மாதிரி இருக்கிறது. கீழே மாற்றாமல் விட்ட பழைய கொட்டடியில் கைகளை விரித்து நின்றேன். முழங்கையை மடக்காமல் விரிக்க முடிந்தது, அவ்வளவுதான்.

லிங்கோமியெஸ் சிறைக்குள் தன் நினைவுகளை எழுதினார், அவர் இறந்த பிறகே அச்சில் வந்தது. ரூத்திக்கு உடம்பு கெட்டுப்போனது. 1949-இல் பாசிகிவி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். 1939 டிசம்பரில் பிரதமராக அதே மேசையில் தன்னோடு உட்கார்ந்தவருக்கு. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டபோது பாசிகிவி என்ன நினைத்திருப்பார் என்று படுத்துக்கொண்டு யோசித்தேன். நன்றாகத் தூங்கிவிட்டேன், அதையும் சொல்ல வேண்டும்.

நாள் 5, திங்கள்

ஹியெத்தனியெமி கல்லறைத் தோட்டம் கடலோரம். போரில் இறந்தவர்களின் தட்டைக் கற்கள் வரிசையாக. நடுவில் மன்னர்ஹைம். ரூத்தி 1956-இல் இறந்து, அரசு மரியாதையோடு இங்கே அடக்கமானார். ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது, யார் வைத்தார்களோ. தன்னரும் இதே தோட்டத்தில்தான். அவர் விடுதலையாகி 1957-இல் திரும்பவும் கட்சித் தலைவரானவர், லேசில் விடுகிற ஆள் இல்லை. ஃபாகர்ஹோல்ம் பிறகு மூன்று தடவை பிரதமர். 1956 ஜனாதிபதித் தேர்தலில் கெக்கோனென் 151, இவர் 149. அந்தக் கெக்கோனென் யார் என்றால், சாத்துத்தலோ வழக்கு நடந்தபோது நீதித்துறை அமைச்சர்.

வழியில் பயணத்துக்கு ரொட்டி வாங்க ஓர் அலெப்பா கடையில் நுழைந்தேன். பில்லில் ஹோக்-எலந்தோ என்று இருந்தது. எலந்தோ, தன்னர் முப்பது வருடத்துக்கு மேல் நடத்திய கூட்டுறவுச் சங்கம். அவரைப் பற்றி ஐந்து நாளாக எழுதிவிட்டு, அவர் கடையில் ரொட்டி வாங்குகிறோம் என்று தெரியாமலே வரிசையில் நின்றிருக்கிறேன். வட்டமாக, நடுவில் ஓட்டை போட்ட ரை ரொட்டி. கடிக்கக் கொஞ்சம் தாடை வலிமை வேண்டும்.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் செனட் சதுக்கத்துக்கு மறுபடி போனேன். அரசு மாளிகை வாசலில் தொடங்கி, பனிக்கட்டியில் சறுக்காமல் பார்த்துப் பார்த்து, நேர் எதிரே பல்கலைக்கழக வாசல் வரை நடந்தேன். நூற்றுச் சொச்சம் காலடி. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. லிங்கோமியெஸ் 1944 ஆகஸ்டில் அந்தப் பக்கக் கதவிலிருந்து பிரதமராக வெளியே வந்தவர். 1956-இல் இந்தப் பக்கக் கதவுக்குள் ரெக்டராக நுழைந்தார். நடுவில் சாத்துத்தலோ, சிறை.

மாணவர்கள் சிலர் காபிக் கோப்பையோடு படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் என் ரொட்டிப் பையைப் பார்த்துவிட்டு ஃபின்னிஷில் ஏதோ கேட்டாள். புரியவில்லை. தலையை ஆட்டிவைத்தேன். அதற்குள் 4-ஆம் நம்பர் டிராம் வந்துவிட்டது.